கணக்கில் ஏறாத அறைகள்

(கோவையில் ஆலை நிர்வாகிகள், தணிக்கையாளர்கள், மென்பொருள் பணியாளர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் ஆலை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், தணிக்கையாளர்கள் இருக்கிறீர்கள், சரவணம்பட்டியிலிருந்து வேலை முடிந்து நேராக வந்திருக்கும் மென்பொருள் துறை இளைஞர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கிற காரியம் ஒன்று உண்டு. பெரிய நிறுவனம் ஒன்று தன் கொள்முதல், சரக்கு, உற்பத்தி, விற்பனை, சம்பளம், கணக்கு அத்தனையையும் ஓட்டுகிற மென்பொருளை, ஈ.ஆர்.பி. என்று நாம் சொல்வதை, விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவது. பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத நிறுவனங்கள்கூட இந்த இடத்தில் தடுக்கி விழுவது ஏன் என்று பேச வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தில் அன்றாடம் நடக்கும் வேலையில் கணிசமான பகுதி எங்குமே எழுதப்படவில்லை. அது கிடங்குப் பொறுப்பாளரின் நினைவில் இருக்கிறது. சம்பளப் பிரிவு எழுத்தரின் பென்சில் குறிப்பில் இருக்கிறது. என்றைக்கோ யாரோ எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போன நிரலில் இருக்கிறது. மென்பொருள் மாற்றம் தோற்ற இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் அந்த எழுதப்படாத வேலையை யாரும் தேடிப் போய்க் கேட்கவில்லை.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜெர்மன் கிளையிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் 1972இல் தொடங்கியது எஸ்.ஏ.பி. என்ற ஈ.ஆர்.பி. மென்பொருள் நிறுவனம். அவர்கள் 1992இல் வெளியிட்ட ஆர்/3 உலகத்தின் பெரிய தொழிற்சாலைகளுக்குள் எல்லாம் நுழைந்தது. அதன் வழிவந்த ஈ.சி.சி. பதிப்பில் இன்னும் ஏராளமான நிறுவனங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2015இல் அதற்கு மாற்றாக எஸ்/4 ஹானா வந்தது. பழைய பதிப்புக்கு வழக்கமான பராமரிப்பு 2025உடன் முடியும் என்று முதலில் அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில் அதை 2027 இறுதிவரை நீட்டித்தார்கள். கூடுதல் பணம் கட்டுகிறவர்களுக்கு 2030 வரை. ஆகவே உலகம் முழுக்க ஒரு பெரிய இடப்பெயர்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. அதில் கைவேலையின் ஒரு பங்கு சென்னையிலும் பெங்களூரிலும் இந்த ஊரிலும் நடக்கிறது.

இதைப் புதுப் பதிப்பு ஏற்றும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. தரவு உட்காரும் அமைப்பே மாறுகிறது. நமக்குச் சரக்கு தருகிறவர் ஒரு பட்டியலிலும் நம்மிடம் வாங்குகிறவர் வேறு பட்டியலிலும் இருந்தார்கள். புதியதில் இருவருமே 'பிசினஸ் பார்ட்னர்' என்ற ஒரே வகைப் பதிவு. நிதிக்கணக்கும் அடக்கவிலைக் கணக்கும் தனித்தனி அட்டவணைகளில் இருந்தன. இப்போது இரண்டும் ஒரே பேரேட்டில் வருகின்றன. இருபது வருடமாக இரண்டு கணக்கிலும் சின்னச் சின்ன வித்தியாசங்களை வைத்துக்கொண்டு காலம் ஓட்டிய நிறுவனம், அந்த வித்தியாசத்துக்கு இப்போது பதில் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் ஹெர்ஷி கதையிலிருந்து தொடங்குகிறேன். பழைய கதைதான், ஆனால் இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சாக்லேட் கம்பெனி. 1990களின் பிற்பாதியில், 2000ஆம் ஆண்டுப் பிரச்சினைக்குப் பயந்து எல்லோரும் பழைய கணினிகளை மாற்றிக்கொண்டிருந்த காலம். ஹெர்ஷி ஒரே நேரத்தில் மூன்று மென்பொருள்களை எடுத்துக்கொண்டது. அடிப்படைக்கு எஸ்.ஏ.பி. ஆர்/3, சரக்குத் திட்டமிடலுக்கு மானுஜிஸ்டிக்ஸ், வாடிக்கையாளர் தொடர்புக்கு சீபெல். செலவு 11 கோடியே 20 லட்சம் டாலர். 48 மாதம் ஆகும் என்று சொல்லப்பட்ட வேலையை 30 மாதத்தில் முடிக்கத் திட்டமிட்டார்கள். 1999 ஏப்ரலில் தொடங்கியிருக்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போனது. அக்டோபர் 31 ஹாலோவீன் பண்டிகை; மிட்டாய் வியாபாரத்துக்கு அது தீபாவளி மாதிரி. கடைக்காரர்கள் அதற்கான ஆர்டர் கொடுக்கும் பருவத்தின் வாசலில் போய்ப் புதிய மென்பொருள் ஓடத் தொடங்கியது.

சரக்கு இருந்தது. ஆர்டரும் இருந்தது. அனுப்ப முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் நின்றுபோயின. அந்தக் காலாண்டில் லாபம் 19 சதவீதம் குறைந்தது. பங்கு விலையும் சரிந்தது.

ஏன் அனுப்ப முடியவில்லை என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று என்னை எப்போதும் யோசிக்க வைப்பது. பண்டிகைக்கு முன்னால் சரக்கு மலைபோல் குவியும். கிடங்கு போதாது. அப்போது ஆட்கள் காலியாகக் கிடக்கும் எந்த இடத்திலும் அடுக்கி வைப்பார்கள். தொழிற்சாலைக்குள் ஏதாவது ஓர் அறை, தற்காலிகமாக எடுத்த ஓர் இடம். வருடாவருடம் நடப்பது. எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அடுக்கியவர்களுக்குத் தெரியும். பழைய ஏற்பாட்டில் அது போதும். ஒருவர் கேட்டால் இன்னொருவர் சொல்லிவிடுவார். புதிய மென்பொருள் அப்படி இல்லை. ஓர் ஆர்டருக்குச் சரக்கு ஒதுக்குமுன் அந்தச் சரக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். அந்த அறைகள் அதற்குக் கிடங்காகப் பதிவு செய்யப்படவே இல்லை. கண்ணெதிரே சாக்லேட் இருந்தும் கணினியின் கணக்கில் அது இல்லை.

வடிவமைப்புக் கூட்டங்கள் எத்தனையோ நடந்திருக்கும். அவற்றில் ஒன்றில், லாரியில் சரக்கு ஏற்றுகிற ஒருவரை உட்கார வைத்து, "பண்டிகை நேரத்தில் சரக்கை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்திருக்கும். அதே ஹெர்ஷி 2002இல் அதே எஸ்.ஏ.பி.யின் அடுத்த பதிப்புக்கு மாறியது. 11 மாதத்தில், ஒதுக்கிய பணத்தில் 20 சதவீதம் மிச்சத்தோடு முடித்தது. ஆகவே மென்பொருள்மேல் பழிபோட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

அடுத்தது சம்பளம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துச் சுகாதாரத் துறை. சுமார் 80,000 ஊழியர்கள். தாதியர், மருத்துவர், துப்புரவுப் பணியாளர், ஆய்வக ஊழியர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம். அவர்கள் வைத்திருந்த பழைய சம்பள மென்பொருளுக்கு, அதை விற்ற நிறுவனம் 2008இல் ஆதரவை நிறுத்திவிட்டது. ஐ.பி.எம். ஒப்பந்தம் எடுத்து, எஸ்.ஏ.பி.யையும் பணிநேர அட்டவணைக்கு வொர்க்பிரெயின் என்ற இன்னொரு மென்பொருளையும் இணைத்து, 2010 மார்ச்சில் புதிய ஏற்பாட்டை ஓடவிட்டார்கள்.

முதல் சம்பளத்திலேயே குழப்பம் தொடங்கியது. பலருக்குச் சம்பளம் குறைந்து வந்தது. சிலருக்கு ஒன்றுமே வரவில்லை. சிலருக்கு அளவுக்கு மேல் வந்தது; அதைப் பிறகு திருப்பிக் கேட்டார்கள். வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் போன குடும்பங்கள், கோபத்தோடு வீதிக்கு வந்த தொழிற்சங்கங்கள் என்று அந்த மாநிலமே கொந்தளித்தது. தொடக்கத்தில் சுமார் 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குப் பேசப்பட்ட வேலை, சரிசெய்யும் செலவு, கையால் சம்பளம் போட அமர்த்திய நூற்றுக்கணக்கான ஆட்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடப்பட்டது. ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து 2013இல் அறிக்கை தந்தது.

சம்பளம் போடுவதில் என்ன இவ்வளவு கஷ்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். அங்கே ஊதிய உடன்படிக்கைகள் மட்டும் 13. படிகள் 200க்கு மேல். எல்லாவற்றையும் கூட்டிக் கலந்தால் சம்பளக் கணக்கு 24,000க்கும் அதிகமான விதமாக வரும். ஒரே ஆள் ஒரே சம்பளக் காலத்தில் இரண்டு மருத்துவமனைகளில், இரண்டு வேறு ஊதிய விதிகளில் வேலை செய்திருப்பார். பணிநேரத் தாள் தாமதமாக வரும். போன மாதத்துத் திருத்தம் இந்த மாதம் வரும். இவ்வளவு சிக்கலையும் அதுவரை யார் சமாளித்தார்கள்? அந்தந்த வட்டார மருத்துவமனையில் உட்கார்ந்திருந்த சம்பள எழுத்தர்கள். எந்த வார்டில் எந்த மேற்பார்வையாளர் தாளைத் தாமதமாக அனுப்புவார், யாருக்கு எந்தப் படி பொருந்தும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். புதிய மென்பொருள் வந்த அதே நேரத்தில், அந்த எழுத்தர்களை வட்டாரத்திலிருந்து எடுத்து மையங்களில் சேர்த்து, வேலை முறையையும் மாற்றினார்கள். மென்பொருளுக்குத் தெரியாததைச் சொல்லக்கூடியவர்களுக்கும் அந்த வார்டுகளுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. பிறகு, தாள்கள் வந்துசேர அவகாசம் வேண்டும் என்று சம்பள நாளையே ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள்.

ஆணையத்தின் முன் வெளிவந்த இன்னொரு செய்தியை இங்கிருக்கும் மென்பொருள் துறை இளைஞர்கள் கவனியுங்கள். ஓடவிடுவதற்கு முன் பயன்படுத்துவோர் சோதனை நடந்தது. குறைகள் ஏராளமாகக் கிடைத்தன. கடுமையான குறை இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது என்பது விதி. அப்போது செய்தது என்ன தெரியுமா? குறைகளின் தரவரிசையைக் குறைத்தார்கள். இரண்டாம் நிலைக் குறை கீழ்நிலைக்கு இறங்கியது, கதவு திறந்தது. பழைய மென்பொருள் எந்த நிமிடமும் விழுந்துவிடும் என்ற பயம் அவர்களை விரட்டியது. ஆனால் அந்தப் பழைய மென்பொருள் ஆதரவு நின்ற பிறகும் ஒன்றரை வருடத்துக்கு மேல் சம்பளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. 2027 என்ற தேதியைப் பார்த்துப் பதறுகிற நிர்வாகிகளிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஆதரவு முடிவதில் ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த ஆபத்துக்கு விலை உண்டு, அதை அளக்கலாம், நீட்டிப்புக் கட்டணம் கட்டி வாங்கலாம். பயத்தில் கதவைத் திறந்துவிட்டால் வரும் செலவை முன்கூட்டி அளக்க வழியே இல்லை.

ஜெர்மனியின் லிட்ல் கதை வேறு வகை. நெக்கர்சுல்மில் தலைமையகம் வைத்திருக்கும் பெரிய மளிகைச் சங்கிலி. எஸ்.ஏ.பி.யின் தலைமையகமான வால்டோர்ஃபும் அதே மாநிலம்தான். எஸ்.ஏ.பி.க்கு மாறும் வேலையை 2011இல் தொடங்கி ஏழு வருடம் உழைத்து, 2018இல் திட்டத்தையே கைவிட்டார்கள். செலவு சுமார் 50 கோடி யூரோ என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. லிட்ல் தன் சரக்கின் மதிப்பை வாங்கிய விலையில் கணக்கு வைப்பது வழக்கம். அந்த மென்பொருளின் வழக்கமான அமைப்போ விற்பனை விலையில் கணக்கு வைக்கும். லிட்ல் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மென்பொருளை வளைத்தார்கள். வளைக்க வளைக்க அது கனத்தது, வேகம் குறைந்தது, செலவு கூடியது.

இதில் லிட்ல் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கிய விலையில் கணக்கு வைப்பது ஒரு நியாயமான முறை. கணக்குத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். கேள்வி வேறு. இது எப்போது, யாரால் முடிவு செய்யப்பட வேண்டிய விஷயம்? சரக்கை எந்த விலையில் மதிப்பிடுவது என்பது முதலாளியும் நிதித் தலைவரும் மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியது. பல நிறுவனங்களில் இந்த மாதிரி முடிவு கீழே கீழே இறங்கி, இரண்டு வருட அனுபவமுள்ள ஓர் ஆலோசகரும் ஒரு துணை மேலாளரும் உட்கார்ந்த சின்னக் கூட்டத்தில் வந்து விழுகிறது. அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே "இப்போதைக்குப் பழையபடியே செய்துவிடலாம்" என்று எழுதிக்கொள்கிறார்கள். அப்படி நூறு 'இப்போதைக்கு' சேர்ந்தால் புதிய மென்பொருள் பழைய மென்பொருளின் கனத்த நகலாகிவிடும்.

இங்கே இசட் புரோகிராம்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்.ஏ.பி. தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். வாடிக்கையாளர் நிறுவனம் தனக்கென்று எழுதிக்கொள்ளும் நிரல்களின் பெயர் இசட் அல்லது ஒய் எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. பெரிய நிறுவனங்களில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். மாற்றத்துக்கு முன்பு அவற்றை எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் வருடக்கணக்கில் யாரும் தொடாதவையாக இருப்பது சகஜம். தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். பெரும்பாலானவற்றைத் தூக்கியும் போடலாம். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை, மார்ச் 31 இரவு மட்டும் ஓடும் நிரலும் அதற்குள் இருக்கும். ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் விலைப்பட்டியலை வேறு விதமாக அச்சிடும் நிரலும் இருக்கும். அந்த வாடிக்கையாளர் உங்கள் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்காக இருப்பார். ஆகவே எந்த நிரல் எத்தனை முறை ஓடியது என்ற எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அது ஓடாவிட்டால் யார் தொலைபேசி செய்வார் என்று கேளுங்கள். அந்த ஆளைத் தேடிப்போய்ப் பேசுவது மென்பொருள் வேலை இல்லை என்று நம் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இந்தத் தொழிலின் மிக முக்கியமான வேலை அதுதான்.

தரவைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2013இல் கனடாவில் கடை திறக்கத் தொடங்கி, 133 கடைகள்வரை போனது. 2015 ஜனவரியில் எல்லாவற்றையும் மூடப்போவதாக அறிவித்தது. அங்கே அவர்கள் புதிதாக எஸ்.ஏ.பி. வைத்தார்கள். சுமார் 75,000 பொருள்களின் விவரங்களை அவசர அவசரமாக ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் புதிதாக வந்த இளையவர்கள். நீளத்தின் இடத்தில் அகலம், சென்டிமீட்டரின் இடத்தில் அங்குலம். பிறகு சரிபார்த்தபோது, தரவில் சுமார் 30 சதவீதம்தான் சரியாக இருந்ததாகத் தெரிந்தது. பெட்டியின் அளவு தவறென்றால் அலமாரியில் எத்தனை நிற்கும் என்பது தவறு, லாரியில் எத்தனை ஏறும் என்பதும் தவறு. கிடங்கு நிரம்பி வழிந்தது; கடையில் அலமாரி காலி.

இது கனடாவில் நடந்தது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. இந்த ஊரின் நூற்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு விலை கண்டிக் கணக்கில் பேசுகிறோம். ஒரு கண்டி சுமார் 356 கிலோ. கொள்முதல் கண்டியில், வந்து இறங்குவது பேலாக, ஒரு பேல் சுமார் 170 கிலோ என்று பெயர். ஆனால் ஒவ்வொரு பேலும் எடை போட்டால் வேறு வேறு எடை காட்டும். பஞ்சு கலக்கும் மிக்சிங் பிரிவுக்குக் கொடுப்பது பேல் எண்ணிக்கையில், கணக்கு எழுதுவது கிலோவில், நூல் விற்பனை மூட்டையில். ஈரப்பதம் வேறு இருக்கிறது. வந்தபோது இருந்த எடை கிடங்கில் கிடந்த பிறகு அப்படியே இருப்பதில்லை. இந்த வித்தியாசத்தையெல்லாம் ஸ்டோர்ஸில் இருக்கும் ஒருவர் மாதக் கடைசியில் ஒரு சரிக்கட்டும் பதிவு போட்டு நேராக்கிவிடுவார். அது திருட்டு இல்லை, ஏமாற்றும் இல்லை. பஞ்சின் இயல்பைத் தெரிந்த ஒருவர் செய்யும் நேர்மையான வேலை. புதிய மென்பொருளில் ஒரு பேல் 170 கிலோ என்று நிலையான மாற்று எண் கொடுத்துவிட்டு, அவர் பதிவு போடும் அனுமதியையும் 'கட்டுப்பாடு' என்ற பெயரில் எடுத்துவிட்டால், மூன்றாவது மாதத்தில் கணினியில் இருக்கும் பஞ்சுக்கும் கிடங்கில் இருக்கும் பஞ்சுக்கும் சம்பந்தமே இருக்காது. பேல்வாரியாக உண்மையான எடையை எடுத்துச்செல்ல மென்பொருளில் வசதி இருக்கிறது. அது வேண்டும் என்று வடிவமைப்பின்போது யாராவது கேட்க வேண்டும்.

தரவைச் சுத்தம் செய்வதை மென்பொருள் நிறுவனத்திடம் ஒப்படைக்கவே முடியாது. ஒரே வியாபாரி மூன்று எழுத்துக்கோவையில் மூன்று பதிவாக இருக்கிறார் என்றால், அவர்கள் மூவரும் ஒருவரா, அப்பாவும் இரண்டு மகன்களும் தனித்தனியாக நடத்தும் கடைகளா என்பது உங்கள் கொள்முதல் ஆளுக்குத்தான் தெரியும். நம் மாநில அரசு ஊழியர்களின் பணிப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோதும் இதே பாடம்தான். பதிவேட்டின் ஓரத்தில் கையால் எழுதிய ஒரு குறிப்பு, ஒரு மனிதரின் ஓய்வூதியத்தையே தீர்மானிக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வங்கிக் கதை ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில், ஒரு வார இறுதியில், சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை லாயிட்ஸ் வங்கியின் கணினியிலிருந்து தன் அப்போதைய தாய் நிறுவனமான சபதெல்லின் கணினி அமைப்புக்கு மாற்றியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் சேவை நின்றது. 19 லட்சம் பேர்வரை தங்கள் கணக்குக்குள் போக முடியவில்லை. இரண்டு தரவு மையங்களை வைத்து ஓட வேண்டிய அமைப்பு. சுமைச் சோதனை ஒன்றில்தான் செய்யப்பட்டிருந்தது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 4 கோடியே 86 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன. சோதனை என்பது ஓடப்போகிற இடத்தில், ஓடப்போகிற அளவில் செய்யப்பட வேண்டும்.

நம் நாட்டில் மாற்றத் தேதி என்றால் ஏப்ரல் 1 என்று நினைத்துவிடுகிறோம். நிதியாண்டு தொடங்குகிறது, தொடக்க இருப்பு சுத்தமாக இருக்கும் என்று காரணம் சொல்வார்கள். கணக்குக்கு நல்ல நாள்தான். ஆனால் அதே வாரத்தில்தான் ஆண்டு முடிவுச் சரக்கெடுப்பு, தணிக்கைக்கான தயாரிப்பு, மார்ச் கடைசியில் தள்ளிய விற்பனை எல்லாம் இருக்கும். கணக்குப் பிரிவில் ஒருவரும் தூங்கியிருக்க மாட்டார்கள். ஒரு காலாண்டு தள்ளி ஜூலை 1இல் போனால், கணக்கில் சில நாள் வேலை கூடும். ஆட்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். நான் ஜூலைப் பக்கம்தான்.

இன்னொன்று இங்கே தனியாக உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு, பொதுவாக, ஈ-வே பில் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டினால், நிறுவனங்களுக்கு இடையிலான விற்பனைக்கு 2023 ஆகஸ்ட் முதல் ஈ-இன்வாய்ஸ் கட்டாயம். புதிய மென்பொருளுக்கும் அரசாங்கத் தளத்துக்கும் இடையே உள்ள இணைப்பு ஒரு மணி நேரம் அறுந்தால் லாரிகள் வரிசையாக நிற்கும். வெளிநாட்டுத் தலைமையகத்தில் தயாரிக்கும் மாற்றத் திட்டத்தில் இந்த விஷயம் பல நேரம் இருக்காது. அங்கிருப்பவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. இங்கிருக்கும் தொழிற்சாலை ஆள் கூட்டத்தில் கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். அவர் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் அரசாங்கத் தளத்தில் நேராகப் போய்ப் பில் எடுப்பது எப்படி என்று அனுப்புகைப் பிரிவில் இரண்டு பேருக்காவது முன்பே கற்றுக்கொடுங்கள்.

ஆட்களைப் பற்றிக் கேட்கிறேன். இந்த மாதிரித் திட்டத்துக்கு உங்கள் நிறுவனத்தின் சிறந்த ஆட்களைக் கேட்பார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? அவர்களின் அன்றாட வேலையைக் குறைக்காமலே "கூடவே இதையும் பார்" என்பீர்கள். அவர்கள் பகலில் ஆலையைப் பார்த்துவிட்டு இரவில் சோதனைத் தாளில் டிக் அடிப்பார்கள். படித்துப் பார்க்க நேரமே இல்லாத டிக். பிறகு குறை வெளிப்பட்டதும் "நீங்கள்தானே சரி என்று கையெழுத்துப் போட்டீர்கள்" என்று அவர்களையே கேட்பார்கள். இது பெரிய அநியாயம். திட்டம் முடியும்வரை அவர்களின் வேலைக்கு மாற்று ஆள் போடுங்கள். மென்பொருள் உரிமத்துக்குக் கொடுக்கும் பணத்தில் இது சிறு பங்கு. இதில் மிச்சம் பிடிப்பதுதான் எல்லா இடத்திலும் முதல் வெட்டு. இரண்டாவது வெட்டு பயிற்சியில் விழுகிறது.

சென்னையில் இரவு முழுக்க விழித்திருந்து வேறொரு நாட்டின் நிறுவனத்தை மாற்றிக் கொடுக்கும் நம் பிள்ளைகளின் நிலையும் லேசானதில்லை. வெள்ளிக்கிழமை மாலை அங்கே பழைய கணினியை நிறுத்துவார்கள். திங்கள் காலைக்குள் தரவு ஏற்றி, இருப்புகளைச் சரிபார்த்து, கதவைத் திறக்க வேண்டும். ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்குப் பழைய கணக்கின் மொத்தத்துக்கும் புதியதன் மொத்தத்துக்கும் வித்தியாசம் வரும்போது, அதைத் திரையில் முதலில் பார்ப்பது இருபத்தைந்து வயதுள்ள ஒருவர். அவர் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாமா? சொன்னால் கேட்பார்களா? எந்த வித்தியாசம்வரை போகலாம், எதற்கு மேல் போனால் பழையதுக்குத் திரும்ப வேண்டும், அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை ஒரு மாதம் முன்பே எழுதிக் கையெழுத்திட்டு அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தொலைபேசியில் அலங்காரமான வார்த்தைகளால் தைரியம் சொல்வது உதவாது.

கடைசியாகப் பழைய கணினி. புதியது நன்றாக ஓடுகிறது என்று மூன்றாவது மாதமே பழையதை அணைத்து, சர்வரைக் கழித்துவிட நினைப்பார்கள். கம்பெனிகள் சட்டம் 2013இன்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். புதிய மென்பொருளுக்கு நீங்கள் எடுத்துச்சென்றது பெரும்பாலும் இருப்புகளும் முடியாத ஆர்டர்களும்தான். பழைய பரிவர்த்தனைகள் பழைய இடத்தில்தான் கிடக்கின்றன. ஐந்து வருடம் கழித்து வரித்துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் வரும்போது, ஒரு பழைய விலைப்பட்டியலை எடுத்து, அதில் ஏன் அந்தத் தள்ளுபடி கொடுக்கப்பட்டது என்று விளக்க வேண்டியிருக்கும். தரவை நகல் எடுத்து வைத்திருப்பீர்கள். அதைத் திறக்கத் தெரிந்தவர், அந்தக் குறியீடுகளுக்கு என்ன பொருள் என்று தெரிந்தவர் அப்போது யார்? அவர் பெயரையும் ஓய்வுபெறும் தேதியையும் இப்போதே திட்ட அறிக்கையில் எழுதிவிடுங்கள். அந்தத் தேதி 8 வருடத்துக்குள் வருகிறது என்றால், அவர் பக்கத்தில் ஓர் இளையவரை இந்த மாதமே உட்கார வையுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.